மூட்டையோடு நடக்கும்போது தடுமாறி விழுவது ஏன்? வெயிட் மட்டும்தான் காரணமா?

கட்டட வேலையில் சிமெண்ட் மூட்டையோடு மாடி ஏறுபவர்களையும், மார்க்கெட்டில் காய்கறி மூட்டை சுமப்பவர்களையும் தினமும் பார்க்கிறோம். யாராவது விழுந்துவிட்டால், "வெயிட் ஜாஸ்தி, அதான் விழுந்துட்டார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் எடை மட்டுமே காரணம் இல்லை.

நடப்பதே ஒரு பேலன்ஸ்தான்

நிற்கும்போது இரண்டு பாதங்களும் நம்மைத் தாங்குகின்றன. நடக்கும்போது சுமார் 80 சதவீத நேரம் ஒரே காலில்தான் உடல் நிற்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் 50 கிலோ மூட்டையைத் தூக்கினால், அந்த ஒற்றைக் கால் 110 கிலோவைத் தாங்க வேண்டும்.

உடலின் எடை மையம் வழக்கமாக இடுப்புப் பகுதியில் இருக்கும். சுமை ஏறியதும் அது இடம் மாறிவிடும்.

எங்கே சுமந்தால் என்ன ஆகும்?

தலையில்: எடை மையம் மேலே போகும். லேசாகச் சாய்ந்தாலும் நிமிர்வது கஷ்டம். கழுத்தைக் குனிந்து தரையைப் பார்க்கவும் முடியாது.

ஒரு தோளில்: உடல் எதிர்ப்பக்கம் சாயும். சட்டென்று திரும்பினால் மூட்டை ஆளையே இழுத்துவிடும்.

நெஞ்சோடு அணைத்து: உடல் பின்னால் சாயும். பாதமும் படியும் கண்ணுக்குத் தெரியாது. இறங்கும்போது இதுதான் பெரிய ஆபத்து.

சாதாரணமாக நடக்கும்போதே, முன்னால் வரும் காலின் விரல் நுனிக்கும் தரைக்கும் இடையில் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். ஒரு கம்பித் துண்டு போதும், கால் தடுக்க. வெறுங்கையாக இருந்தால் எதையாவது பிடித்துக்கொள்வோம். மூட்டை இருந்தால் அதுவும் முடியாது.

"பழகினவங்க விழமாட்டாங்க" என்பது உண்மையா?

தலைச்சுமைக்குப் பழகிய கென்யப் பெண்கள், தங்கள் எடையில் 20 சதவீதம் வரை கூடுதல் ஆற்றல் செலவில்லாமல் சுமக்கிறார்கள் என 1986-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோதான். பழக்கம் களைப்பைக் குறைக்கலாம். ஈரத் தரையில் வழுக்குவதைத் தடுக்காது.

விதி என்ன சொல்கிறது?

சுமை தூக்குவது பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ல் கொண்டுவந்த 127-வது உடன்படிக்கையை இந்தியா 2010-ல் ஏற்றது. அதோடு வந்த பரிந்துரை, வயது வந்த ஆணுக்கு 55 கிலோவை உச்சவரம்பாக வைக்கச் சொல்கிறது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும்.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அப்படியானால் பிரச்சினை இல்லையா? வேலை நடக்கும் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. சமதளத்தில் தூக்கக்கூடிய மூட்டை, கைப்பிடி இல்லாத படியில் ஆபத்தாகிவிடும்.

வேலை தருபவர் செய்ய வேண்டியது

* நடைபாதையில் கம்பி, கல், தண்ணீர் இல்லாமல் சுத்தமாக வைப்பது
* படிக்கு வெளிச்சமும் தற்காலிகக் கைப்பிடியும் அமைப்பது
* மாடிக்கு ஏற்ற லிஃப்ட், தரையில் தள்ளுவண்டி தருவது
* சுமையைப் பிரித்துக் கொடுப்பது, அல்லது இரண்டு பேரைத் தூக்கச் சொல்வது

சுமப்பவர் கவனிக்க வேண்டியது

* தூக்குவதற்கு முன்பே போகும் வழியை ஒருமுறை பாருங்க
* சின்னச் சின்ன அடியாக வைங்க
* இடுப்பை மட்டும் திருப்பாம, காலை எடுத்து வெச்சுத் திரும்புங்க
* தேய்ந்த செருப்போடு சுமை தூக்காதீங்க
* கால் வழுக்கினா, பக்கத்தில் ஆள் இல்லாத பக்கமாக மூட்டையை விட்டுடுங்க

கடைசி விஷயம்தான் நடைமுறையில் கஷ்டம். மூட்டை கிழிந்தால் கூலியில் பிடிப்பேன் என்று மேஸ்திரி சொல்லும் இடத்தில், விழும்போதும் யாரும் மூட்டையை விட மாட்டார்கள். அந்தப் பயத்தைப் போக்குவதும் பாதுகாப்பு ஏற்பாடுதான்.