குப்பைக்குப் பொறுப்பாளி யார்? அமெரிக்க வளாகங்களின் ஐம்பது ஆண்டு

1970 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலக் கல்லூரி மாணவர்கள் புத்தம்புதிய ஃபோர்டு மேவரிக் கார் ஒன்றை வாங்கி, ஊர்வலமாகக் கொண்டுபோய், வளாகத்துக்குள்ளேயே குழிவெட்டிப் புதைத்தார்கள். அந்தப் பணத்துக்கு உருப்படியான செலவு வேறு எவ்வளவோ இருக்கிறதே என்று கறுப்பின மாணவர்கள் அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த சுற்றுச்சூழல் கூட்டங்களின்போது, கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளாத காலி கேன்களை மாணவர்கள் குவியலாக எடுத்துப்போய் உள்ளூர் கோக்க-கோலா நிறுவனத்தின் வாசலில் கொட்டினார்கள். ஏப்ரல் 22 அன்று முதல் பூமி நாள். ஏறத்தாழ 2 கோடிப் பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு. இந்த மூன்று நிகழ்வுகளிலும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பொருளை ஏன் செய்கிறாய், ஏன் விற்கிறாய்? அதே வளாகங்களில் இன்று வரிசையாக வண்ணத் தொட்டிகள் நிற்கின்றன. அவை மாணவனைப் பார்த்துக் கேட்பது வேறு: இதை எந்தத் தொட்டியில் போட்டாய்? விற்றவனிடம் கேட்ட கேள்வி வாங்கியவனிடம் வந்து நின்றதுதான், என் பார்வையில், வளாக மறுசுழற்சியின் வரலாறு.

இந்தத் திருப்பம் தானாக நடந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில்கூட அமெரிக்காவில் சோடா, கோலா போன்ற பானங்கள் ஏறக்குறைய முழுவதும் திரும்ப நிரப்பும் கண்ணாடி பாட்டில்களில்தான் விற்றன. முன்பணம் கட்டி வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொடுத்துக் காசைத் திரும்பப் பெறுவார்கள். ஒருமுறைப் பயன்பாட்டு கேனும் பாட்டிலும் பெருகியதும் சாலையோரம் நிறைந்தது. திரும்ப நிரப்ப முடியாத பாட்டில்களில் பீர் விற்க வெர்மான்ட் மாநிலம் 1953இல் தடை போட்டது. கேன், பாட்டில் செய்யும் நிறுவனங்கள் முன்னின்று 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். வெர்மான்ட் சட்டம் 1957இல் காலாவதியானது. அமைப்போ வளர்ந்தது. மாசு செய்பவர்கள் தனி மனிதர்கள், அதை நிறுத்த வேண்டியவர்களும் அவர்களே என்று நாடெங்கும் தொலைக்காட்சியில் சொன்ன அதன் புகழ்பெற்ற விளம்பரம் 1971இல் வந்தது. அதில் கண்ணீர் விட்ட செவ்விந்தியராக நடித்தவர் இத்தாலிய வம்சாவளியினர் என்பது பின்னால் தெரிந்த வேடிக்கை.

இன்று உலகமே அறிந்த மூன்று அம்புக்குறிச் சின்னமும் ஒரு மாணவர் வரைந்ததே. அட்டைப்பெட்டி செய்யும் 'கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' 1970இல் நடத்திய போட்டியில், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 23 வயது கேரி ஆண்டர்சன் 2,500 டாலர் பரிசு பெற்றார். அந்தச் சின்னத்தில் பிழையில்லை. பழைய காகிதத்திலிருந்து அட்டை செய்த நிறுவனத்துக்கு அது பொருத்தமானதும்கூட. ஆனால் 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறை, 1 முதல் 7 வரையிலான வகை எண்களை அதே அம்புகளுக்கு நடுவில் பொறிக்கத் தொடங்கியது. பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் குறித்த எண்ணை, மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழியாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 2013இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக விதியை மாற்றினார்கள். அதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

வளாகங்களில் உழைத்தவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 1976இலேயே மாணவர்கள் மறுசுழற்சித் திட்டத்தை நடத்தத் தொடங்கினார்கள். காகிதத்தைப் பொறுத்தவரை இத்தகைய முயற்சிகள் பலித்தன. 2018இல் அமெரிக்கக் குப்பையில் சேர்ந்த காகிதம், அட்டையில் 68 சதவீதம் மறுசுழற்சிக்குப் போனது. பிளாஸ்டிக்கில் அது 9 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தவறு அளவுகோலில் இருந்தது. 2001இல் ஒஹையோ மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள் தொடங்கிய 'ரீசைக்கிள்மேனியா' போட்டி, பத்தே ஆண்டுகளில் பல நூறு வளாகங்களுக்குப் பரவியது. தலைக்கு எத்தனை பவுண்டு மறுசுழற்சிக்குப் போனது என்பது அதன் முக்கியக் கணக்குகளில் ஒன்று. அந்தக் கணக்கில், நாளுக்கு நான்கு பாட்டில் குடித்துத் தொட்டியில் போடுபவர், வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருபவரைவிட நல்ல பிள்ளை! மொத்தக் குப்பையைக் குறைப்பதற்கும் தனிப் பிரிவு ஏற்படுத்தினார்கள் என்றாலும், பெயரும் புகழும் எடைக்கே போயின. நாட்டு நிலவரமும் இதைத்தான் காட்டுகிறது. 1970இல் அமெரிக்கர் ஒருவர் நாளுக்குச் சுமார் 1.5 கிலோ குப்பை போட்டார், 2018இல் 2.2 கிலோ. இடைப்பட்ட காலத்தில் மறுசுழற்சி விகிதம் பல மடங்கு உயர்ந்திருந்தது.

இந்தச் சரக்கை வாங்கிவந்த சீனாவும் 2018இல் கதவைச் சாத்தியது. இறக்குமதியாகும் பழைய காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் கலப்படம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுப் பழகிய அமெரிக்க ஊர்களுக்கு எட்டாத வரம்பு அது. விற்றுக் காசு பார்த்த சரக்கை அகற்றப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் வளாகங்களில் உண்மையில் பலன் தந்தது எது? பெரும்பாலும் மாணவனுக்கு உபதேசம் செய்யாத காரியங்கள். உணவுக்கூடங்களில் டிரேயை எடுத்துவிட்டார்கள். இரண்டு கை கொள்ளும் அளவுதான் எடுத்துச்செல்ல முடியும், வேண்டுமானால் மறுபடி வரலாம். உணவு வழங்கும் அராமார்க் நிறுவனம் 2008இல் 25 கல்வி நிறுவனங்களில் ஆராய்ந்தபோது, தலைக்கு 25 முதல் 30 சதவீதம் வரை உணவு வீணாவது குறைந்திருந்தது. கழுவ டிரே இல்லாததால் தண்ணீரும் மிச்சம். மாணவர்கள் கேன்களைக் கொட்டிய அதே மிச்சிகன் மாநிலத்தில், 1976 வாக்கெடுப்பில் வென்று 1978 முதல் நடப்புக்கு வந்த 10 சென்ட் முன்பணச் சட்டம், பல்லாண்டுகள் 90 சதவீதத்துக்கு மேல் காலி பாட்டில்களையும் கேன்களையும் திரும்ப வரவைத்தது. வேறெந்தத் தொட்டியும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் பாட்டில் தண்ணீர் விற்பனையை நிறுத்தியது. வளாகத்துக்கு வந்த பாட்டில்களை எண்ணிப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வு, தலைக்கணக்கில் அவை குறையவில்லை, கூடின என்று காட்டியது. பாட்டில் தண்ணீர் கிடைக்காதவர்கள் இனிப்புப் பானம் வாங்கியிருந்தார்கள். விற்பவன் பக்கம் கைவைத்தாலும் பலனில்லை என்று இதைக் காட்டி வாதிடலாம். எனக்கு அது வேறு பாடம் சொல்கிறது. அங்கே ஒரு பொருளைத்தான் எடுத்தார்கள்; இயந்திரம், கடை, மற்ற பாட்டில்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அரைகுறைத் தடை சரக்கை மாற்றும், குப்பையை மாற்றாது. 2009இலேயே பாட்டில் தண்ணீரை விலக்கிய செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், சில ஆண்டுகளில் பாட்டில் பான விற்பனையே 39 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. ஆக, தடை தோற்கத்தான் வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. தொட்டியில் பிரித்துப்போடும் பழக்கம் இளைஞரைப் பொறுப்புள்ள குடிமக்களாக்கும் என்ற வாதத்தையும் நான் முழுக்கத் தள்ளவில்லை. ஆனால் ஒரே பான நிறுவனத்துக்கு வளாகம் முழுவதையும் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தங்களில் 1990களிலிருந்து பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நிர்வாகம் அங்கே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, மாணவனிடம் மட்டும் பொறுப்பைக் கேட்பது நியாயமில்லை.

இங்கே தமிழ்நாட்டில் நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டுக்குள் கண்ணாடிச் சில்லு போகக்கூடாது என்று உயர் நீதிமன்றம் அழுத்தியதால் வந்த ஏற்பாடு அது. மதுக்கடைக்குச் சாத்தியமானது கல்லூரிக் கேன்டீனுக்கு ஏன் முடியாது? வண்ணத் தொட்டி வாங்க நிதி ஒதுக்கும் நம் கல்லூரி நிர்வாகங்கள், கேன்டீன் குத்தகையைப் புதுப்பிக்கும்போது கழுவிப் பயன்படுத்தும் தட்டு டம்ளரையும் முன்பண பாட்டிலையும் ஒப்பந்தத்தில் எழுதிவைக்கட்டும். தொட்டிகளை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.