நூல் எப்போது நரம்பானது?

ஊரப்பாக்கம் ஏரிப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களிடம் "எந்த நரம்பு வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் மெல்லிசு போதும், விராலுக்குத் தடிமனா வேணும் என்பார்கள். தடித்தால் மீன் கண்ணில் பட்டுவிடும். மெலிந்தால் அறுத்துக்கிட்டுப் போயிடும். தூண்டில் நூலின் வரலாறே இந்த இழுபறிதான்.

நைலானுக்கு முன் நம்ம கடற்கரையில் பருத்தி நூலும் சணப்பு நாரும்தான். இரண்டும் தண்ணீர் குடிக்கும், சீக்கிரம் மக்கும். அதனால் பனிச்சங்காய்ச் சாற்றிலோ மரப்பட்டை வடித்த நீரிலோ ஊறவைத்து, நிழலில் உலர்த்திப் பாதுகாத்தார்கள். உழைப்பு தாங்கியது, ஆனால் கறை ஏறிய நூல் தெளிந்த நீரில் தெரியத்தான் செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத நூலை முதலில் கொடுத்தது ஒரு புழு. பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு முன்பே அதைக் காடியில் ஊறப்போட்டு, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து இழுத்தால், கண்ணாடி போன்ற இழை கிடைக்கும். சீனாவில் காட்டுப் பட்டுப்புழுவிலிருந்து எடுத்தார்கள். ஐரோப்பாவில் ஸ்பெயினின் மூர்சியா இதற்குப் பேர்போன ஊர். சிக்கல் என்னன்னா, மூர்சியா இழை ஒரு முழம் அளவுக்குத்தான் வரும். முடிச்சுப் போட்டுப் போட்டு நீட்ட வேண்டும்.

இந்த இழைக்கு ஜப்பானில் 'தெகுசு' என்று பெயர், மலாயில் 'தங்சி'. நம் மீனவர்களும் ஈழத்தவரும் நைலான் நரம்பைத் 'தங்கூசி' என்கிறார்கள். ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்த்தால், இது கடல் வழியே வந்த சொல் என்றே நினைக்கிறேன். புழு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். 1938இல் அது பல் துலக்கும் பிரஷ்ஷின் நாராக விற்பனைக்கு வந்தது. தூண்டில் நரம்பும் பின்னாலேயே வந்தது. எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் ஒரே இழை, முடிச்சில்லை, சாயமில்லை, மக்கவும் மக்காது.

அந்தக் கடைசிக் குணம்தான் வினை. கடலில் தொலைந்த தங்கூசி வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். இலங்கை 2006இல் அதைத் தடை செய்தது. ஏரிக்கரையில் அறுந்து கிடக்கும் நாலு முழ நரம்பும் அப்படித்தான். கொக்கின் காலுக்கு அது தெரியாது.

மீனுக்குத் தெரியாத நூலைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தோம். ஆகவே நரம்பு வாங்கும்போது, மீன் அறுத்துக்கொண்டு போகாத தடிமனாகப் பாருங்கள். மிச்சத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பருத்தி நூலை விட்டுவிட்டு வந்தால் மண் பார்த்துக்கொள்ளும். நரம்பை நாமதான் பார்த்துக்கணும்.