எவருக்கும் சொந்தமாகாத தொகுதி

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே, விக்டோரியா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், குளிர்காலத்தில் பனி போர்த்து நிற்கும் மலைச்சிகரங்களுக்கும் அந்நாட்டின் மாபெரும் நதியாகிய மர்ரேக்கும் இடையே ஏறத்தாழ 29,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் பிரதேசத்துக்கு இண்டித் தொகுதி என்று பெயர். மர்ரே நதி தன் தலையூற்றுப் பக்கத்தில் இண்டி என்றும் வழங்கப்படுவதால் அப்பெயர் வாய்த்தது. ஓவன்ஸ், கிங், கீவா, மிட்டா மிட்டா என்னும் உபநதிகள் பாயும் பள்ளத்தாக்குகளில் கோதுமை வயல்களும், ஆட்டு மந்தைகளும், பால் பண்ணைகளும், திராட்சைத் தோட்டங்களும் உண்டு; வாங்கரட்டா, வொடோங்கா, பெனல்லா, பீச்வொர்த் முதலிய நடுத்தரப் பட்டணங்களும் உண்டு. 1901-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் ஒன்றுபட்டுப் புதிய தேசமாக எழுந்தபோது முதற் பார்லிமெண்டுக்கு வகுக்கப்பட்ட ஆதித் தொகுதிகளில் ஒன்றான இது, எல்லைகள் பலமுறை மாறியும் பெயர் மாறாமல் இன்றளவும் நிலைத்திருக்கிறது. பெருநகரத்திலிருந்து தொலைவில் வாழும் குடியானவனுடைய ஒற்றை வாக்குக்கு எப்பொழுது மதிப்புண்டாகிறது, எப்பொழுது அது மங்கிப்போகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இத்தொகுதியின் சரித்திரத்தைக் காட்டிலும் நல்ல ஆசான் கிடைப்பது அரிது.

தேச ஐக்கியம் என்னும் எண்ணம் இப்பகுதி மக்களுக்கு மேடைப்பேச்சிலிருந்து பிறந்ததன்று, வயிற்றுப்பாட்டிலிருந்து பிறந்தது. அக்காலத்தில் மர்ரே நதியே விக்டோரியாவுக்கும் நியூ சௌத் வேல்ஸுக்கும் எல்லையாக இருந்தமையால், ஒரு கரையில் விளைந்த பொருளை மறுகரைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் குடியானவன் அந்நிய தேசத்துக்கு ஏற்றுமதி செய்பவனைப்போல் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. இந்த இடர்ப்பாட்டை நீக்க வேண்டுமென்று நதிக்கரை ஊர்களில் தோன்றிய சங்கங்கள் 1893-ஆம் ஆண்டில் வடகரையிலுள்ள கோரோவாவில் ஒரு மகாநாடு கூட்டின. அரசியல் சாசனம் வகுக்கும் பிரதிநிதிகளை ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று ஜான் குவிக் என்பவர் அங்கே முன்மொழிந்த யோசனைதான், மந்திரிகளின் அறைகளில் உறங்கிக் கிடந்த ஐக்கிய முயற்சியைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது.

இண்டியின் முதற் பிரதிநிதியாக 1901-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐசக் ஐசக்ஸ் அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். தையற்கலைஞர் ஒருவரின் மகனாக மெல்போர்னில் பிறந்து, யாக்கண்டண்டாவிலும் பீச்வொர்த்திலும் பள்ளிப்பருவத்தைக் கழித்து, ஆசிரியராகத் தொடங்கிப் பின்னர் சட்டம் பயின்று, அரசியல் சாசன மகாநாட்டிலும் அங்கம் வகித்த அவர், 1906-இல் நாட்டின் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றுத் தொகுதியைத் துறந்தார். 1930-இல் தலைமை நீதிபதியாகவும், 1931-இல் ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்த முதல் கவர்னர் ஜெனரலாகவும் அவர் உயர்ந்தபோது, அரச குடும்பத்தோடோ பிரபு வம்சத்தோடோ யாதொரு சம்பந்தமுமில்லாத ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளை அந்த ஆசனத்தில் அமர்ந்தது சாம்ராஜ்யம் முழுவதும் வியந்து நோக்கிய நிகழ்ச்சியாயிற்று.

ஆயினும் அந்த ஆரம்ப காலத்து வாக்குரிமையின் ஒளியோடு இருளையும் சேர்த்தே கூறுதல் நேர்மை. 1902-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்குத் தேசப் பார்லிமெண்டுக்கு வாக்களிக்கும் உரிமையை வழங்கிற்று. விக்டோரியா மாகாணமோ தன் சட்டசபைக்கு அவ்வுரிமையை 1908 வரையில் கொடுக்கவில்லை. ஆகவே இண்டியின் குடியானவப் பெண், உள்ளூர்ச் சட்டசபையில் குரலற்றவளாக இருந்துகொண்டே தேச அரசாங்கத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லவளாக ஆனாள். அதே சட்டம் அப்பூமியின் ஆதிக்குடிகளில் பெரும்பாலோரையும் ஆசியாவில் பிறந்தோரையும் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தியது. தங்கம் தேடி வந்த சீனர்கள் 1857-ஆம் ஆண்டில் பக்லண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து அடித்து விரட்டப்பட்ட கொடுமை நிகழ்ந்ததும் இத்தொகுதியின் மண்ணிலேதான். அந்த வன்முறையில் வெளிப்பட்ட துவேஷமே அரை நூற்றாண்டுக்குப் பின் சட்டத்தின் வாசகமாக உருக்கொண்டது என்று சொல்வது மிகையாகாது. தஞ்சை ஜில்லா வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1922-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பிரயாணம் செய்து, அங்கே குடியிருந்த இந்தியர்களின் உரிமைக்காக வாதாடினார். 1925-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தோருக்கு அந்நாட்டு வாக்குரிமை கிடைத்தது. ஆதிக்குடிகள் அனைவர்க்கும் அது கிடைக்க 1962 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

ஐசக்ஸுக்குப் பின்வந்த காலம் ஓயாத மாற்றத்தின் காலம். 1906-இல் சோஷலிஸ எதிர்ப்பாளராக நின்ற ஜோசப் பிரௌன் வென்றார். 1910-இல் தொழிற்கட்சியைச் சேர்ந்த பார்க்கர் மொலோனி அவ்விடத்தைக் கைப்பற்றினார். 1913-இல் லிபரல் கட்சியின் கார்னிலியஸ் அஹெர்னிடம் அதை இழந்து, மறு ஆண்டே மீட்டார். கட்டாய ராணுவ சேவை பற்றிய பிரச்னையில் தொழிற்கட்சி இரண்டாகப் பிளந்ததன் விளைவாக 1917-இல் தேசியக் கட்சியின் ஜான் லெக்கியிடம் மறுபடியும் தோற்றார். இந்த லெக்கியின் மகளையே பிற்காலப் பிரதமர் ராபர்ட் மென்ஸீஸ் மணந்தார். கோதுமை விலையை எண்ணிக் கவலையுறும் விவசாயிகளும், தங்கச் சுரங்கத் தொழிலாளரும், மெல்போர்னிலிருந்து வொடோங்கா வரை செல்லும் ரயில் பாதையை நம்பிப் பிழைத்த ஊழியர்களும் ஏறக்குறையச் சமபலத்தோடு கலந்து வாழ்ந்த தொகுதியாதலால், சிறிதளவு அபிப்பிராய மாற்றமும் பிரதிநிதியை மாற்றிவிடப் போதுமானதாயிருந்தது.

இச்சமயத்தில்தான் ஆஸ்திரேலியத் தேர்தல் முறையையே மாற்றியமைத்த ஒரு நிகழ்ச்சி வேறிடத்தில் நேர்ந்து இண்டியின் தலைவிதியையும் நிர்ணயித்தது. 1918 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், விவசாயிகளின் அபேட்சகரும் தேசியக் கட்சியினரும் தமக்குள் வாக்குகளைப் பிரித்துக்கொண்டமையால், மூன்றில் ஒரு பங்கே பெற்ற தொழிற்கட்சி வென்றது. இதைக் கண்டு திடுக்குற்ற அரசாங்கம் விருப்பவரிசை வாக்குமுறையை உடனே சட்டமாக்கிற்று. நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கையாளப்படுவது போன்ற அம்முறையில், வாக்காளர் அபேட்சகர்களின் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை குறிக்க வேண்டும். எவருக்கும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைக்காதபோது கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அவற்றில் குறிக்கப்பட்ட அடுத்த விருப்பத்துக்குரியவரிடம் சேரும். அவ்வாண்டு டிசம்பரில் விக்டோரியாவின் கோரங்கமைட் தொகுதியில் முதன்முறையாக இது பிரயோகிக்கப்பட்டபோது, முதல் எண்ணிக்கையில் முன்னின்ற தொழிற்கட்சியின் ஜேம்ஸ் ஸ்கலின் இறுதியில் விவசாயிகள் சங்கத்தின் வில்லியம் கிப்ஸனிடம் தோற்றார். தங்களுக்குள் போட்டியிட்டாலும் எதிரிக்கு லாபம் கிடையாது என்ற தைரியம் பெற்ற விவசாயிகள், 1919-இல் இண்டியில் ராபர்ட் குக் என்பவரை நிறுத்தி, லெக்கியை வென்றார்கள். அடுத்த ஆண்டில் தேசிய அளவில் நாட்டுப்புறக் கட்சி உதயமாயிற்று.

ஒன்பதாண்டுகள் பிரதிநிதியாயிருந்த குக், 1928-ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் வேட்புமனுவைக் குறித்த நேரத்துக்குள் தாக்கல் செய்யத் தவறினார். எதிர்த்து நின்ற தொழிற்கட்சியின் பால் ஜோன்ஸ், ஒரு வாக்குக்கூட எண்ணப்படாமல், போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வாக்களிப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் கட்டாயக் கடமையாகிவிட்ட ஒரு நாட்டில், இண்டியின் ஆயிரக்கணக்கான வாக்காளருக்குக் கீழ்ச்சபைப் பிரதிநிதியைத் தெரிவு செய்யும் சந்தர்ப்பமே அவ்வாண்டில் இல்லாமற்போயிற்று. ஒரு மனிதரின் கவனக்குறைவு ஒரு பிரதேசம் முழுவதன் உரிமையைப் பறித்துவிட்ட இச்சம்பவத்தை நகைச்சுவைக் கதையாகச் சொல்வாருண்டு. எனக்கோ அது, தொகுதி தன் கையில் பத்திரமாக இருக்கிறது என்னும் எண்ணம் எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு முதல் எச்சரிக்கையாகவே தோன்றுகிறது. ஜோன்ஸ் மறு ஆண்டுத் தேர்தலிலும் வென்றார். ஆனால் பொருளாதார மந்தத்தின் பேரலை 1931-இல், கோரங்கமைட்டில் முன்பு தோற்ற அதே ஸ்கலின் பிரதமராயிருந்து நடத்திய தொழிற்கட்சி அரசாங்கத்தோடு அவரையும் அடித்துச் சென்றது; அதற்குப் பின் இன்று வரையில் தொழிற்கட்சி இண்டியை வென்றதில்லை.

1931 முதல் 2013 வரையில் எண்பத்திரண்டு ஆண்டுகள் இத்தொகுதி வலதுசாரிக் கட்சிகளிடமே இருந்தது. ஆயினும் ஒரே கட்சியிடம் இருந்ததில்லை. ஐக்கிய ஆஸ்திரேலியக் கட்சியின் வில்லியம் ஹட்சின்ஸனுக்குப் பின், 1937-இல் நாட்டுப்புறக் கட்சியின் ஜான் மெக்கீவன் வந்தார். இத்தொகுதியைச் சேர்ந்த சில்ட்டர்னில் 1900-ஆம் ஆண்டில் பிறந்து, இளம்பிராயத்திலேயே தாய் தந்தையரை இழந்து, வாங்கரட்டாவில் பாட்டியின் ஆதரவில் வளர்ந்து, போர்ப்பணிக்கென்று சேர்ந்தவர்களுக்கு அரசாங்கம் அளித்த நிலத்தில் பாடுபட்டு முன்னேறியவர் அவர். கட்சியின் மாகாணக் கிளை தடுத்தும் கேளாமல் மத்திய மந்திரி சபையில் பதவி ஏற்றதற்காக அக்கிளையினின்று வெளியேற்றப்பட்டார். இருந்தும் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1949-இல் பார்லிமெண்டு விரிவுபடுத்தப்பட்டுத் தொகுதிகள் மறுபடி வகுக்கப்பட்டபோது மர்ரே தொகுதிக்குச் சென்ற அவர், ஜப்பானோடு 1957-இல் வர்த்தக ஒப்பந்தம் செய்த மந்திரியாகவும், பிரதமராயிருந்த ஹெரல்டு ஹோல்ட் கடலில் மறைந்தபின் மூன்று வார காலம் பிரதமராகவும் விளங்கினார்.

அவருக்குப் பின் லிபரல் கட்சியின் வில்லியம் பாஸ்டக், நாட்டுப்புறக் கட்சியின் மாக் ஹோல்ட்டன், மீண்டும் 1977 முதல் லிபரல் கட்சியினர் என ஆசனம் கைமாறியதேயன்றிப் பக்கம் மாறவில்லை. ஜனங்களின் வாழ்க்கையோ அவ்வாறு அசையாமல் நிற்கவில்லை. வொடோங்காவுக்கு அருகே போனகில்லாவில் 1947-இல் திறக்கப்பட்ட முகாம் வழியாக, 1971-இல் அது மூடப்படும் வரையில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய அகதிகளும் குடியேறிகளும் புதுவாழ்வில் பிரவேசித்தார்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இத்தாலியக் குடும்பங்கள் புகையிலை பயிரிட்டுச் செழித்தன. அப்பயிரும் 2006-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. இத்தகைய மாறுதல்களுக்கிடையே தொகுதி மட்டும் அசைக்க முடியாத கோட்டை என்று பெயரெடுத்தது. எப்படியும் வெல்வோம் என்ற கட்சியும், எப்படியும் தோற்போம் என்ற கட்சியும் ஒருசேர அதைக் கவனியாமல் விட்டன. பழுதடைந்த ரயில் சேவையும், எட்டாத தொலைபேசித் தொடர்பும், வேலை தேடி நகரத்துக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளும் அந்த உறுதியான வெற்றிகளுக்கு ஜனங்கள் கொடுத்த விலையாயின.

2012-ஆம் ஆண்டில் 'இண்டியின் குரல்கள்' என்னும் பெயரால் சிலர் ஒன்றுகூடினர். அவர்கள் முதலில் அபேட்சகரைத் தேடவில்லை; அயலாரைத் தத்தம் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி அமரவைத்து, உங்களுக்கு வேண்டியது யாது, பிரதிநிதி எனப்படுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு, கேட்டவற்றைத் தொகுத்து எழுதினார்கள். அதன்பின்னரே ஆடு வளர்ப்பவரும் கிராமப்புறப் பெண் விவசாயிகளின் ஸ்தாபனத்தில் தலைமை வகித்தவருமான கேத்தி மெகவன் சுயேச்சையாக நின்றார். 2013 செப்டம்பர் 7-ஆம் தேதி லிபரல் கூட்டணி நாடெங்கும் வெற்றிவாகை சூடியபோது, அக்கட்சியின் முக்கியப் பிரமுகரான சோஃபி மிராபெல்லா இண்டியில் முதல் எண்ணிக்கையில் முன்னின்றார். ஆயினும் பிற அபேட்சகர்களின் விருப்ப வாக்குகள் வந்து சேரச் சேர அந்த வித்தியாசம் கரைந்தது. கணக்கெழுதுகையில் விடுபட்ட ஏறத்தாழ ஆயிரம் வாக்குகளும் கண்டுபிடிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டபின், 439 வாக்குகள் வித்தியாசத்தில் மெகவன் வென்றார். விவசாயிகளின் வாக்கு சிதறாதிருக்க வேண்டுமென்று 1918-இல் அவசரமாக வகுக்கப்பட்ட அதே முறை, கட்சிகளுக்கு வெளியே நின்ற விவசாயப் பெண்மணி ஒருவருக்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின் வழிதிறந்துவிட்டது.

2016-இல் மீண்டும் வென்ற மெகவன் 2019-இல் ஓய்வு பெற, செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் சுகாதார ஆராய்ச்சியாளராகவும் பணியாற்றிய ஹெலன் ஹெய்ன்ஸ் அவ்விடத்துக்கு வந்தார். ஆஸ்திரேலியத் தேசப் பார்லிமெண்டில் ஒரு சுயேச்சைக்குப் பின் மற்றொரு சுயேச்சை அதே தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. லஞ்ச ஊழலை விசாரிக்கத் தேசிய அளவில் ஓர் ஆணையம் வேண்டுமென்று அவர் 2020-இல் மசோதா கொண்டுவந்தார். 2022-இல் பதவியேற்ற புதிய அரசாங்கம் அத்தகைய ஆணையத்துக்குச் சட்டம் இயற்ற, 2023 ஜூலையில் அது செயற்படத் தொடங்கிற்று. இண்டியில் தோன்றிய இவ்வழிமுறையைப் பெருநகரத் தொகுதிகளும் பின்பற்றின. மென்ஸீஸ் நெடுங்காலம் வகித்த கூயாங் தொகுதியிலேயே 2022-இல் ஒரு சுயேச்சை பொக்கிஷ மந்திரியைத் தோற்கடித்தார்.

இச்சரித்திரத்தை முழுவதும் நோக்குமிடத்து, சுயேச்சைகளே உயர்ந்தோர், கட்சியினர் தாழ்ந்தோர் என்னும் முடிவுக்கு வருவது நியாயமன்று. ஐசக்ஸும் மெக்கீவனும் கட்சிகளின் வழியே வந்தவர்கள்தாம். மெகவனும் ஹெய்ன்ஸும் இனி வரப்போகிறவர்களும் அந்த ஆசனத்தைத் தமக்குரியதென்று நினைப்பார்களாயின், குக்கின் வேட்புமனுவுக்கு நேர்ந்த கதியே அவர்களுடைய நம்பிக்கைக்கும் நேரும். இண்டியின் ஜனங்கள் நீண்டகால அனுபவத்தால் கற்றுக்கொண்ட பாடம், தங்களைக் கேட்டறிந்த பின்னரே தங்களுக்காகப் பேச ஒருவர் எழ வேண்டும் என்பதும், அவரும் கேட்பதை நிறுத்தும் நாளில் மாற்றப்படக் கூடியவராயிருக்க வேண்டும் என்பதுமேயாம். நாட்டுப்புறத்தில் வாழ்வோரின் தொகை எங்கும் நகரத்தாரின் தொகையைவிடக் குறைந்துகொண்டே வருகிற இக்காலத்தில், எண்ணிக்கையால் அடைய இயலாத மதிப்பை அவர்கள் அடையக்கூடிய உபாயம் இது ஒன்றே. அதைக் கைவிடாத வரையில் எந்த மூலையிலுள்ள கிராமத்தையும் எந்தத் தலைநகரமும் அலட்சியம் செய்துவிட முடியாது.