படியாத நூல்களின் பட்டியல்

நூல் விரும்பிகள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. படித்து மகிழ்ந்த நூல்களின் பெயர்களைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்திலும், படிக்க விழைந்து இன்னும் தொடாதவற்றை வலப்பக்கத்திலும் எழுதி வைப்பர். நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிவோர்க்கு நிலுவைப் பட்டியல் என்றாலே நெஞ்சு துணுக்குறும். ஆயின் வீட்டில் நாம் எழுதிவரும் நிலுவைப் பட்டியல் நாளுக்கு நாள் நீள்வது கண்டு மகிழ்ச்சியே உண்டாகிறது. அதற்கு விளக்கம் கேட்கும் மேலதிகாரி எவரும் இலர். இல்லத்தரசியார் மட்டும் அவ்வப்போது கேட்பார்.

இதனை வீண் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடலாகாது. தமிழ் நூல்கள் பிழைத்துவந்த வரலாற்றிலே பட்டியல்களுக்கும் பங்குண்டு. அவற்றுட் சில நாம் குடியேறி வாழும் இந்நகரிலேயே உருவானவை என்பதை நம்மவர் பலர் அறியார்.

ஸ்காட்லாந்தினரான காலின் மெக்கன்சி, கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவைப் பணியில் தென்னாடெங்கும் அலைந்தவர். சென்ற ஊர்தோறும் ஏட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டினார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். பின்னர்க் கல்கத்தா வந்தார். அவர் திரட்டிய செல்வமும் உடன் வந்தது. 1821-இல் மறைந்த அவர், பார்க் தெருவின் பழைய கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அத்தொகுப்பை அவர்தம் மனைவியாரிடமிருந்து அரசினர் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினர். வடமொழி அறிஞர் ஹொரேஸ் ஹேமன் வில்சன் அதற்கு விளக்கப் பட்டியல் வகுத்தார். அது 1828-இல் இரு தொகுதிகளாகக் கல்கத்தாவில் அச்சேறியது.

இதில் நம்மை வியக்கவைப்பது ஒன்றுண்டு. மெக்கன்சிக்கு நம் நாட்டு மொழிகள் தெரியா. வில்சனோ வடமொழியில் வல்லவரேயன்றித் தென்மொழிகள் அறிந்தவர் அல்லர். காவலி வேங்கட பொறய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய உதவியாளர்களும் பண்டிதர்களும் எழுதிவைத்த சுருக்கங்களே அவர்க்குத் துணை. தமிழ் படிக்க இயலாதார் இருவர், ஒருவர் திரட்ட மற்றவர் பட்டியலிட, அச்சுவடிகள் சிதறாமல் நின்றன. பின்னர்ச் சென்னைக்குத் திரும்பிய தென்மொழிச் சுவடிகளை இன்றும் அங்குள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் காணலாம். பட்டியலிடுபவன் படித்தே தீரவேண்டும் என்பதில்லை. படிப்பவன் வரும்வரை நூல் இருக்குமிடம் தெரிந்தால் போதும்.

அடுத்து அச்சு நூல்களுக்கு வருவோம். பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1855-இல் 1,400 வங்க நூல்களின் பட்டியலை இந்நகரில் வெளியிட்டார். (நீல் தர்ப்பண் நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புக்காக 1861-இல் சிறை சென்ற அதே லாங்தான்.) பத்தாண்டு கழிந்து, 1865-இல், ஜான் மர்டாக் சென்னையில் தமிழ் அச்சு நூல்களை வகைப்படுத்தி அத்தகைய பட்டியல் ஒன்றைக் கொணர்ந்தார். 1867-இல் அச்சகச் சட்டம் வந்தபின் அரசினரே காலாண்டுக்கொரு முறை நூற்பட்டியல் வெளியிடலாயினர். அவர்கள் நோக்கம் நூற்காதல் அன்று, கண்காணிப்பே. எனினும் அக்காலத் தமிழ் நூல்கள் எவையென ஆராய்வோர் இன்று அவற்றைத்தான் புரட்டுகின்றனர்.

நிற்க. படிக்காத நூலின் பெயர் ஒருவர் வாழ்வையே மாற்றிய கதை தமிழகத்தில் உண்டு. லாங்கின் பட்டியல் வெளிவந்த 1855-ஆம் ஆண்டிற் பிறந்த உ. வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். வயது இருபத்தைந்து. அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அக்டோபர் மாதத்தில் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என முதலியார் வினவ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று அடுக்கினார். எவரும் மலைக்கத்தக்க பட்டியல் அது. முதலியார் மலைக்கவில்லை. அவர் கேட்டவை சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும். ஐயர் அவற்றைக் கண்டதுகூட இல்லை.

அந்த நாழிகையில் அவர்க்கு உண்டான நாணத்தை நம்மால் ஒருவாறு உணர முடிகிறது. அவர் அதனை மறைக்கவில்லை. தம் வரலாற்றிலே தாமே எழுதிவைத்தார். முதலியார் தந்த சிந்தாமணிப் படியைக் கொண்டு தொடங்கிய உழைப்பு, 1887-இல் நச்சினார்க்கினியர் உரையோடு அந்நூல் அச்சேறியபோது பயன் தந்தது. 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. குறிப்பேட்டின் இடப்பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்திருந்தால் அவர் நல்லதொரு கல்லூரி ஆசிரியராக ஓய்வு பெற்றிருப்பார்.

சில ஆண்டுகட்கு முன் இந்நகரில் நாம் கண்ட காட்சி ஒன்று இன்றும் உறுத்துகிறது. நாற்பதாண்டு இங்கு வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரின் தமிழ் நூல்களைப் பழைய காகிதம் வாங்குபவர் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். மக்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தமிழ் பேச வருமேயன்றிப் படிக்க வாராது. என்னென்ன நூல்கள் போயின என்று கேட்டோம். எவரும் சொல்ல இயலவில்லை. பட்டியல் இல்லை.

இதே நகரின் அலிப்பூரில், பெல்வடியர் மாளிகை வளாகத்துத் தேசிய நூலகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய ச. வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல்களும் சுவடிகளும் தனித்தொகுப்பாய்ப் பேணப்படுகின்றன. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழகத்தில் அச்சாகும் நூலிலும் ஒரு படி இங்கு வந்து சேரவேண்டும். பி. எஸ். கேசவன் முன்னின்று தொடங்கிய இந்திய தேசிய நூற்பட்டியலும், 1957-ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டு முதலான நூல்களை உட்கொண்டு, இந்நகரிலிருந்தே வெளிவரலாயிற்று. அதில் எல்லா மொழி நூற்பெயர்களும் ரோமன் எழுத்தில் அமைந்தன. தமிழ்ப் பெயரை அவ்வெழுத்தில் காண முதலில் நமக்குச் சினமே எழுந்தது. வில்சனை எண்ணியதும் தணிந்தது.

சென்ற பூசை விடுமுறையில் நம் வீட்டு நூல்களுக்கும் பட்டியல் எழுதினோம். நாம் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துப் பெயரைப் படிக்க, தமிழ் எழுத்தறியாத நம் மகள் வங்க எழுத்தில் எழுதினாள். நூற்றெழுபத்து மூன்று நூல்கள். 'அப்பா, இவற்றில் நீங்கள் படிக்காதவை எத்தனை?' என்று கேட்டாள். பாதிக்கு மேல் என்று ஒப்புக்கொண்டோம். வங்க எழுத்தில் ழகரம் இல்லாமையால் பட்டியல் அடிக்கடி தடைப்பட்டது. அந்த ஓர் எழுத்தை மட்டும் தமிழிலேயே எழுதிக் காட்டினோம். மூன்றாம் பக்கம் வருவதற்குள் அவள் அதனைப் பாராமலே எழுதினாள்.