அடியும் சமாதானமும்: இலங்கைக் கீழ் நீதிமன்றங்களிற் காய வழக்குகளின் வரலாறு

அடுத்தடுத்த வளவுகளில் வாழும் இருவர்க்கிடையே வேலியடைப்புக் காலத்திற் சச்சரவு எழுகின்றது. எல்லைக் கதியால் நகர்த்தப்பட்டது என்பர் ஒருவர்; நகர்த்தப்படவில்லை என்பர் மற்றவர். சொல் முற்றிக் கை நீளுகின்றது. ஒருவர் தலையிற் பூவரசந் தடி விழுகின்றது. அடிபட்டவர் பொலிசு நிலையத்திற்கும் வைத்தியசாலைக்கும் செல்கின்றார். அடித்தவரும் வாளாவிருப்பதில்லை, தாமே முதலில் அடிபட்டதாக எதிர்முறைப்பாடு செய்கின்றார். சட்டநூலை மாத்திரம் கற்றவர், இவ்வழக்கு விசாரணையிலும் தண்டனையிலும் முடியுமென எதிர்பார்ப்பர். கீழ் நீதிமன்றங்களின் நடைமுறையை அறிந்தவரோ, இரு முறைப்பாடுகளும் ஒருங்கே சமாதானமாகித் தீர்தலையே எதிர்பார்ப்பர். தண்டித்தல் நீதியா, இணக்குதல் நீதியா என்னும் வினாவுக்கு இத் தீவின் சட்ட வரலாறு ஒரே விடையை என்றும் அளித்ததில்லை.

கண்டி இராச்சியத்தில் இவ்வினாவுக்கு விடை தெளிவாக இருந்தது. 1815 ஆம் ஆண்டில் அவ்விராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னர் அங்கு வதிவாளராயிருந்த ஜோன் டொயிலி என்பார், ஆங்கு நிலவிய ஆட்சிமுறையைத் தொகுத்தெழுதினார். ஊரின் முதியோரும் அனுபவமுடையோரும் அம்பலத்திலேனும் மரநிழலிலேனும் கூடி, எல்லைத் தகராறு, கடன், சிறு களவு, சண்டை முதலியவற்றை விசாரித்த கம்சபாவ என்னும் ஊர்ச்சபையை அவர் குறிப்பிடுகின்றார். குற்றம் யாரிடத்தது என்று கூறி, நட்டத்தை ஈடுசெய்வித்து, கடிந்துரைத்து அனுப்புவதே அச்சபையின் வழக்கம். தண்டிப்பதன்று, இணக்குவதே அதன் நோக்கம் என்பது அவர் தரும் செய்தி. மறுநாளும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்ச வேண்டியவர்களுக்கு வேறு வழி பயன்படாது என்பதை அம் முதியோர் உணர்ந்திருந்தனர்.

பிரித்தானியர் கொணர்ந்த நீதிமுறை வேறொரு கொள்கையின்பாற்பட்டது. கோல்புறூக்குடன் விசாரணை ஆணையாளராக வந்த சாள்ஸ் ஹே கமரன் நீதித் துறையை ஆராய்ந்து 1832 இல் அறிக்கை சமர்ப்பித்தார். அதன் வழி வந்த 1833 ஆம் ஆண்டு நீதிச் சாசனம் தீவு முழுமைக்கும் ஒரே நீதிமன்ற அமைப்பை வகுத்தது. அக் கமரனே பின்னர் மெக்காலேயுடன் இந்தியச் சட்ட ஆணைக்குழுவில் அமர்ந்தவர். அவ்வாணைக்குழு வரைந்த நூலிலிருந்து உருவான 1860 ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை எழுந்தது. உடல் நோவு, நோய், பலவீனம் ஆகியவற்றுள் எதனை உண்டாக்கினும் அது காயம் எனப்பட்டது. கண்ணிழத்தல், எலும்பேனும் பல்லேனும் முறிதல், 20 நாள் தன் நாளாந்தத் தொழிலைச் செய்யவியலாதிருத்தல் முதலியன கடுங்காயம் எனப்பட்டன. வெறுங்கையால் அடித்தல் வேறு, கொல்லவல்ல ஆயுதத்தால் அடித்தல் வேறு எனப் பிரித்து, தண்டனையும் அவ்வாறே வகுக்கப்பட்டது. ஊர்ச்சபையார் உறவை அளந்தனர். புதிய சட்டம் காயத்தை அளந்தது.

ஆயினும், அளவுகோலொன்றால் மாத்திரம் ஊர்ச் சண்டைகளைத் தீர்த்தல் அரிதென்பதை ஆட்சியாளர் விரைவிற் கண்டனர். சிறு சச்சரவுக்காகத் தொலைவிலுள்ள நீதிமன்றத்துக்குப் பன்முறை நடந்து, செலவினால் நலிந்தவர் பலர். அதனால், தண்டனைச் சட்டக்கோவை தோன்றுவதற்கு முன்னரே, 1871 ஆம் ஆண்டுக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராம நியாய சபைகளை ஏற்படுத்தியது. சிறு வழக்குகளை விசாரித்த அச்சபைகளில் நியாயவாதிகள் தோன்றுதற்கு இடமிருக்கவில்லை. பழைய ஊர்ச்சபையின் நோக்கம், அரசாங்கத்தின் முத்திரையோடு இவ்வாறு மீண்டது.

மேல்நிலையிலும் சமாதானத்துக்கு வாயில் திறக்கப்பட்டது. 1898 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைக் கோவை, காயம் விளைத்தல் போன்ற சில குற்றங்களை அடிபட்டவரே சமாதானப்படுத்தலாம் என விதித்தது. அங்ஙனம் சமாதானமாயின் எதிரி விடுதலை பெற்றவராவர். இந்நெறியை 1979 ஆம் ஆண்டுக் கோவையும் கைவிடவில்லை. இதனால் நீதவான் நீதிமன்றத்திற் காய வழக்கு ஒரு குறித்த போக்கிற் செல்லலாயிற்று. முறைப்பாடும் வைத்தியர் அறிக்கையும் சேர்ந்து குற்றச்சாட்டு ஆகின்றன. எதிரி குற்றமற்றவர் என்கின்றார்; தவணை இடப்படுகின்றது. தவணைகளுக்கிடையே உறவினரும் ஊர்ப்பெரியாரும் இருபாலாரிடமும் பேசுகின்றனர். மருந்துச் செலவு கொடுபடுகின்றது. ஈற்றில், நீதவான் முன்னிலையில் வழக்குச் சமாதானமாகின்றது. மீண்டும் கலகம் விளையுமென்னும் அச்சம் இருப்பின், அமைதி காப்பதற்குப் பிணைமுறி எழுதுவிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

இருபதாம் நூற்றாண்டில் ஊர்ச்சபையின் பெயர் பன்முறை மாறிற்று. 1945 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் கிராம நியாய சபைகள் கிராம நீதிமன்றங்களாயின. 1958 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இணக்க சபைகளை நிறுவியது. குறித்த குற்றங்கள் முதலில் அச்சபைக்கே செல்லவேண்டும். இணக்கம் கைகூடவில்லை என்னும் சான்றிதழ் இன்றி நீதிமன்றம் அவற்றை ஏற்கலாகாது. ஆனால் உறுப்பினர் நியமனம் அமைச்சர் கையில் இருந்தமையால், கட்சிச் சார்பு புகுந்ததென்னும் குறை எழுந்தது. 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தால் கிராம நீதிமன்றங்கள் மறைந்தன; 1978 இல் இணக்க சபைகளும் மறைந்தன. எனினும் ஏறத்தாழப் பத்தாண்டின் பின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளைத் தோற்றுவித்தது. இம்முறை நியமனம் ஓர் ஆணைக்குழுவிடம் விடப்பட்டது. மத்தியஸ்தர் தீர்ப்புக் கூறுவதில்லை. இருபாலாரையும் தாமே ஓர் உடன்பாட்டை எய்தச் செய்கின்றனர். ஒழிக்குந்தோறும் மீண்டும் முளைத்த இவ்வமைப்பு, ஊராரின் ஒரு மெய்த்தேவையை நிறைவு செய்தது என்பதில் ஐயமில்லை.

ஆயின் வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. சமாதானம் இருவர் சமநிலையில் நிற்கும்போதே சமாதானமாகும். நிலமுடையானிடம் அடிபட்ட குடிமைத் தொழிலாளி, மறுநாட் கூலிக்கும் குடியிருக்கும் நிலத்துக்கும் அவனையே நம்பியிருந்தால், அவன் அளிக்கும் மன்னிப்பு மன்னிப்பாகுமா? கணவனிடம் அடிபட்ட மனைவி, பிள்ளைகளின் பொருட்டு முறைப்பாட்டை மீளப்பெற்றால், வழக்குத் தீர்ந்ததெனலாம். அடி தீர்ந்ததெனல் இயலுமா? ஊர்ப்பெரியார் வலியோர் பக்கத்தவராயின், இணக்குதல் என்பது வாயடைத்தலின் மறுபெயராகிவிடும்.

சட்டமும் இதனை உணரத் தலைப்பட்டது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தலை 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. ஊர் வழக்கமென விடப்பட்டிருந்ததில் அரசு தலையிட்டமைக்கு அது சான்று. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிபட்டோர் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெற வழிசெய்தது. வழக்கு முடியும்வரை காத்திராது, அடுத்த அடியைத் தடுப்பதே அதன் நோக்கம்.

எனவே, வேலிச் சண்டையில் அண்டை வீட்டார் இருவரைச் சிறைக்கு அனுப்புதலினும் கைகோக்கச் செய்தல் மேலானதே. எனினும் மன்னிக்கும் உரிமை அடிபட்டவர்க்கே உரியது. அது அச்சத்தாற் பறிக்கப்படாதவாறு காத்தல் நீதிமன்றத்தின் கடமை. கதியாலை மீண்டும் எல்லையில் நாட்டுதல் ஊர்ப்பெரியார்க்கு இயலும். மறுத்துரைக்க வலியற்றவர் அஞ்சாது மறுத்துரைக்கத்தக்க இடமொன்று வேண்டும், அதுவே நீதிமன்றம். ஒன்று மற்றதன் இடத்தைக் கவர முயன்ற காலங்களிலெல்லாம் நீதி குறைபட்டது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.