ஒரே காணி, வேறு வேறு இல்லம்

பொன்முடிக்கு ஏறும் வழியிலுள்ள கல்லாற்றிலும், அதைச் சுற்றிய விதுரா, கோட்டூர்க் காடுகளிலும் ஆண்களின் பெயருக்குப் பின்னால் 'காணி' என்று வரும். அகத்தியமலையைத் தாண்டிக் கிழக்கே பாபநாசம், காரையாறு, தெற்கே பேச்சிப்பாறை என எங்கு போனாலும் அதே பெயர்தான். ஒரு குடும்பம் பெருகி மலையெங்கும் பரவியதாக வெளியார் எண்ணுவது இயல்பு. அயர்லாந்தின் அரிய குடும்பப்பெயர்களை அப்படித்தான் துருவுகிறார்கள்: 'ஓ' பேரனைக் குறிக்கும், 'மேக்' மகனைக் குறிக்கும், பெயரைப் பற்றிக்கொண்டு போனால் ஒரு மூதாதை அகப்படுவார். காணிக்கு அந்த வழி உதவாது. அது ஒரு குடி முழுவதற்குமான பெயர். வம்சத்தைச் சொல்வது இல்லம். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலேயே இது பதிவாகியிருக்கிறது: அண்ணன்தம்பி இல்லத்துக்குள் பெண் எடுக்க முடியாது, மச்சம்பி இல்லத்தில் எடுக்கலாம். பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு காணிகள் பங்காளிகளா, சம்பந்திகளா என்பதை அந்தப் பின்னொட்டு சொல்லாது. கல்லாற்றின் மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டியம்மா 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். நாடறிந்த அவர் பெயரில் காணி இல்லை, ஆனாலும் அவர் காணிக்காரிதான்.

பரவல் என்று நாம் சொல்வதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பாபநாசத்துக் காணிகள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். பேச்சிப்பாறை திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஒரே மலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு நடுவே கோடு விழுந்ததை ஆள் நகர்ந்ததாகப் படிப்பது தவறு.

காணி ஒரு குடியின் பொதுப்பெயர் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி என்பது பரம்பரை நில உரிமை. அப்படியானால் உரிமை பெற்ற ஒருவரிடமிருந்தே பெயர் தொடங்கியிருக்க வேண்டாமா? மூலம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் காட்டை எரித்து விதைத்து, சில ஆண்டுகளில் வேறிடம் போகும் வேளாண்மையில் மகனுக்கு எழுதிவைக்க நிலையான வயல் ஏது? மூட்டுக்காணி என்னும் ஊர்த்தலைவரின் கீழ்க் குடியிருப்பே ஒன்றாகக் காட்டை ஆண்டது. உரிமை ஊருக்கென்றால் பெயரும் ஊருக்குத்தான்.

அண்மைக்காலச் சான்று இன்னும் தெளிவானது. 1987இல் காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து பாலோடு தாவரவியல் தோட்ட விஞ்ஞானிகள் 'ஜீவனி' மருந்தை உருவாக்கினார்கள். உரிமத் தொகையில் பாதியைப் பெறுவதற்காக 1997இல் அமைந்த அறக்கட்டளை, வழிகாட்டிய சிலரின் பெயரில் அமையவில்லை. காணி சமுதாயத்தின் பெயரில் அமைந்தது. அதில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் குற்றிச்சல் பக்கத்தவர்கள். விதுரா, பெரிங்ஙம்மலைக் காணிகள் தங்களைக் கேட்கவில்லையே என்று வருந்தினார்கள். அந்த மூலிகை அறிவு ஒரு வீட்டுச் சொத்தாக இருந்திருந்தால், அவர்கள் அப்படிக் கேட்க வழியே இருந்திருக்காது.