சிற்றில் சிதைத்த கால்

ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. தெருமணலில் சிறுமிகள் வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் வருகிறான், காலால் உதைத்துக் கலைக்கிறான். வேண்டாம் என்று அவர்கள் மன்றாடுவதுதான் பாட்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு பதிகம் முழுக்க இதே மன்றாட்டு. பெண்பால் பிள்ளைத்தமிழுக்கு வந்தால் அம்மானை, நீராடல், ஊசல். முனைவர் பட்டத்துக்காக இவற்றைப் பக்கம் பக்கமாகப் படித்தபோது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நம் இலக்கியத்தில் பெண் விளையாடாமல் இல்லை. கழங்கு ஆடுகிறாள், ஓரை ஆடுகிறாள், வண்டல் இழைக்கிறாள். பந்தே அவளுடையதுதான். ஆனால் அவளுக்கு வாய்த்தது கைப்பந்து. உதைக்கும் கால் அவனுடையது. அவள் பந்தாடுவதையும் அவளுக்காக யாரும் எழுதிவைக்கவில்லை. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் பெண்கள் பந்தாடும் பகுதிக்குப் பெயரே ‘பந்தடி கண்டது’. ஆடியவளைவிடக் கண்டவன் முக்கியம்.

கால்பந்து லீக் பற்றி எழுத வேண்டியவள் எதற்குப் பிள்ளைத்தமிழில் நிற்கிறாய் என்று கேட்கலாம். ஒரு புதிய தொழில்முறை லீக் தொடங்கும்போது எழும் கேள்விகள் மூன்று: யார் பணம் போடுவது, யார் பார்ப்பது, எத்தனை காலம் நடக்கும். பெண்கள் லீக் என்றால் இவற்றுக்கு முன்னால் நான்காவதாக ஒரு கேள்வி வந்து நிற்கிறது. இவள் எதற்காக உதைக்கிறாள்? அந்தக் கேள்விக்கு வயது அதிகம்.

பணம் இருந்தால் லீக் நடந்துவிடும் என்பதும் பொய். அமெரிக்கக் கால்பந்தை நம் பக்கம் கொண்டுவர ‘எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் 2011-ல் ஒரு முயற்சி அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டு முன்னாள் ஆட்டக்காரர் கர்ட் வார்னர், பயிற்சியாளர் மைக் டிட்கா, நடிகர் மார்க் வால்பெர்க் எல்லாரும் ஆதரவாளர்கள். நகரத்துக்கு ஓர் அணி, மார்புக் கவசம், தலைக்கவசம். 2012-ல் முதல் பருவ ஆட்டங்கள் கொழும்பில் நடத்தப்பட்டுத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்டன. விதிகள் தெரிந்த பார்வையாளர் இல்லை, பள்ளி மைதானத்தில் அந்தப் பந்தைத் தொட்டு வளர்ந்த சிறுவர் இல்லை. மேலிருந்து கட்டிய வீடு, நிற்கவில்லை. அந்த ஆட்டத்தின் சொந்த மண்ணிலேயே 2019 பிப்ரவரியில் தொடங்கிய ‘அலையன்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஃபுட்பால்’ எட்டு வாரத்தில் முடங்கியது. பருவத்தைக்கூட முடிக்கவில்லை. அதே நாட்டில் 2009-ல் பெண்களுக்கென்று தொடங்கிய ஒரு லீக், அவர்களை உள்ளாடையில் ஆடவைத்து, அதையே பெயராகவும் வைத்துக்கொண்டது. ‘பந்தடி கண்டது’ எழுதிய கொங்குவேளிர் இதைவிட நாகரிகமானவர்.

பெண்கள் கால்பந்தின் கதை நேர் எதிர். கீழே ஆட்டம் இருந்தது, ஆட்டக்காரிகள் இருந்தார்கள், பார்க்கக் கூட்டமும் இருந்தது. மேலே இருந்தவர்கள்தான் கதவைச் சாத்தினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்து ‘டிக், கெர்’ ஆலையில் வெடிமருந்துப் பொருள் செய்த பெண்கள் அணி அமைத்து ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் ஏறத்தாழ 53,000. அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாதாம். போர் முடிந்து ஆண்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், ஆலையையும் மைதானத்தையும் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நீடித்தது. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று இன்று சொல்கிறவர்களுக்கு அந்த ஐம்பது ஆண்டு நினைவில் இருப்பதில்லை.

இந்தியாவில் தடை என்று யாரும் போடவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டார்கள், அதுவே போதுமாக இருந்தது. 1975-ல் பெண்கள் கால்பந்துக்கென்று தனிக் கூட்டமைப்பு உருவானது. கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். சாந்தி மல்லிக்குக்கு 1983-ல் அர்ஜுனா விருது கிடைத்தது, பெண் கால்பந்து ஆட்டக்காரர்களில் முதலாமவர் அவர். தொண்ணூறுகளில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பில் வந்த பிறகு பெண்கள் ஆட்டம் கடைசி அலமாரிக்குப் போனது. ஆண்களுக்கு ஐஎஸ்எல் 2014-ல் நட்சத்திரங்களோடும் வாணவேடிக்கையோடும் தொடங்கியது. பெண்களுக்கு ‘இந்திய மகளிர் லீக்’ வர 2017 ஆனது.

அந்த முதல் லீக்கின் அளவைப் பாருங்கள். இறுதிச் சுற்றில் ஆறு அணிகள். ஜனவரி 28-ல் தில்லியில் தொடங்கி பிப்ரவரி 14-ல் முடிந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. பதினெட்டு நாள். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் நடக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் நான் இதைப் பேசிப் பார்த்திருக்கிறேன். என் மாணவி ஒருத்தி கால்பந்து ஆடுகிறவள், அவள் அம்மா அளத்தில் வேலை செய்கிறவர். தை மாசியில் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குவதில் தொடங்கும் வேலை, ஐப்பசி மழை அளத்தை மூழ்கடிக்கும்வரை நடக்கும். பெண்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரிய உப்பைக் கூடையில் தலைமேல் சுமந்து கரையேற்றுகிறார்கள். உப்புநீரில் ஊறிய பாதம் வெடிக்கும், வெடிப்பில் உப்பு ஏறும். ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிக’ளில் தூத்துக்குடி அளங்களைப் பற்றி எழுதியது மரக்காணத்துக்கு அந்நியமானதல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்வதை வகுப்பில் நடத்துவேன். நெய்தல் பாட்டில் உப்பு விற்று வரும் உமணப் பெண்ணின் கண்ணைப் பாடியிருக்கிறார்கள். காலைப் பற்றி மூச்சு இல்லை.

மகளுக்கு ஒரு கிளப் தேர்வுக்கு அழைப்பு வந்திருப்பதைச் சொன்னபோது அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்.

“எத்தன மாசத்துக்குச் சம்பளம் குடுப்பாங்க மேடம்?”

மூன்று நான்கு மாதம் இருக்கலாம் என்றேன்.

“அளத்துலயே எட்டு மாசம் வேல இருக்குதே.”

லீக் நடத்துகிறவர்கள் எழுதும் திட்ட அறிக்கை எதிலும் இந்தக் கேள்வி இவ்வளவு சுருக்கமாக வந்து நான் படித்ததில்லை. சில்லறைக் காலத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு மீதிக் காலத்தை அவள் குடும்பத்தின் தலையில் கட்டுகிற ஏற்பாட்டுக்கு உப்பளத்தில் ‘சீசன்’ என்று பெயர். கால்பந்திலும் அதே பெயர்தான். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தர அரசு 2022-ல்தான் முன்வந்தது. அதுவாவது வந்தது. ஆட்டம் இல்லாத மாதங்களில் ஒரு வீராங்கனை முட்டைக்கும் காலணிக்கும் என்ன செய்வாள் என்று கேட்க ஓர் அலுவலகமும் இல்லை.

அப்படியானால் இத்தனை நாள் இவர்களை வாழவைத்தது எது? காவல்துறையும் ரயில்வேயும். மணிப்பூர் போலீஸ் என்ற பெயரிலேயே லீக்கில் ஓர் அணி ஆடியது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இந்த நாட்டில் பெண்கள் கால்பந்தின் உண்மையான ஸ்பான்சர் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலை. லீக்குகளுக்கு முன்னும் அது இருந்தது, லீக்குகள் செத்தாலும் இருக்கும். குறை ஒன்று உண்டு: வேலை கிடைக்கும் வயது வரும் முன்பே முக்கால்வாசிப் பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது.

கடலூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரக்காணத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் புதுச்சேரி, அதைத் தாண்டிக் கடலூர். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு சுனாமி பறித்த வீடுகளின் பெண்பிள்ளைகள் அங்கே அரசு காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சியாளர் மாரியப்பன் அந்தப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். மணலில் கட்டிய வீட்டைக் கடல் வந்து உதைத்த கரையில், பிள்ளைகள் எழுந்து தாங்களே உதைக்கக் கற்றார்கள். (இப்படி எழுதினால் கவிதை போலிருக்கிறது, நடந்தது அப்படித்தான்.) நாடறிந்த வீராங்கனைகள் கடலூரிலிருந்து வந்தார்கள். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசிய சாம்பியன் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. பல ஆண்டுகளாக அந்தக் கோப்பையை மணிப்பூரிடமிருந்து வாங்குவது எளிதாக இருந்ததில்லை. 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று மகளிர் லீக்கின் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த அணியில் இந்துமதி இருந்தார், நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல்களாக அடித்தார். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பை வாங்கியது. நம் ஆண்கள் கிரிக்கெட் அணி இதில் பாதி செய்திருந்தால் தெருவெல்லாம் பதாகை நின்றிருக்கும்.

லீக் அதற்கு ஏற்ப வளர்ந்ததா? கொஞ்சம். கொரோனாவில் ஒரு பருவம் போனது. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக மாறி மாறி ஆடும் முறை 2023-24-ல்தான் வந்தது, அதுவும் ஏழே அணிகளோடு. அதுவரை ஒரே ஊரில் எல்லாரையும் கொண்டுபோய் அடைத்துவைத்து அடுத்தடுத்து ஆடவைத்தார்கள். மதுரை அணியின் ஆட்டத்தை மதுரைச் சிறுமி பார்க்க வழியில்லை. பார்வையாளர் இல்லை என்ற புலம்பலின் லட்சணம் இது. கழகங்கள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாத ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும் என்று 2023-ல் கூட்டமைப்பு முடிவு செய்தது. மாதக் கணக்கில் சுமார் 26,600 ரூபாய். நல்ல முடிவுதான். பதினோராவது பெண்ணுக்கு என்ன என்பதைத் தாளில் காணோம்.

நிர்வாகம் சறுக்கினால் முதலில் விழுவதும் இவர்கள்தான். 2022 ஆகஸ்டில் கூட்டமைப்பின் நிர்வாகக் குழப்பத்துக்காக ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அந்த நேரம் லீக் சாம்பியனான கோகுலம் கேரளா பெண்கள், ஆசியக் கழகப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தார்கள். ஆடாமலே திரும்பினார்கள். பதினோரு நாளில் தடை நீங்கியது, போட்டி நீங்கள் வரும்வரை காத்திருக்குமா? 2024 மார்ச்சில் இரண்டாம் நிலை லீக் ஆட கோவாவுக்குப் போன இமாச்சல அணிப் பெண்கள், கூட்டமைப்பின் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரே தங்கள் அறைக்குள் புகுந்து தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். வெளியூருக்கு மகளை அனுப்பத் தயங்கும் தாயைப் பிற்போக்கு என்று சொல்கிறவர்கள் இந்தச் செய்தியை அவளுக்குப் படித்துக்காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

சந்தை இல்லை என்ற வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. பெண்கள் கிரிக்கெட்டுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஐபிஎல் 2008-ல் வந்தது, பெண்களுக்கான லீக் 2023-ல். அதன் ஐந்து அணிகள் ஏலத்தில் போன தொகை 4,669.99 கோடி ரூபாய். பதினைந்து ஆண்டு இல்லாத சந்தை ஒரே நாளில் எங்கிருந்து வந்தது? கபடியில் இன்னும் மோசம். இந்தக் கரையோரக் கிராமங்களில் பெண்கள் ஆடும் ஆட்டம் அது. 2016-ல் மூன்று அணிகளோடு பெண்கள் கபடி சேலஞ்ச் நடத்தினார்கள், இறுதி ஆட்டம் ஒரே புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு அது நடக்கவில்லை.

பணத்தைக் கொட்டினாலும் கணக்கு தவறலாம். அமெரிக்காவில் 1999 உலகக் கோப்பை இறுதிக்கு 90,000-க்கு மேல் கூட்டம் வந்த உற்சாகத்தில், பெண்களுக்கான தொழில்முறைக் கால்பந்து லீக் 2001-ல் தொடங்கியது. பல ஆண்டுகளுக்கென்று வைத்திருந்த முதலீடு முதல் பருவத்திலேயே தீர்ந்து, 2003-ல் அடுத்த உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் முன்பு நின்றுபோனது. 2009-ல் வந்த இரண்டாவது லீக்கும் மூன்று பருவத்தில் முடிந்தது. 2013-ல் வந்த மூன்றாவதுதான் நிலைத்தது. தேசிய வீராங்கனைகளின் சம்பளத்தை அந்நாட்டுக் கூட்டமைப்பே ஏற்றுக்கொண்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். லீக் வேரூன்றும்வரை யாரோ ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்த யாரோ, காவல்துறைத் தேர்வாணையம்.

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதே மாதம் ஆண்களின் ஐஎஸ்எல் ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி, பருவம் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் நின்றது. என் மாணவியின் கைப்பேசியில் இரண்டு செய்தியும் வந்திருந்தன. அவள் கிளப் தேர்வுக்கும் போய்வந்தாள், உதவி ஆய்வாளர் தேர்வுக்கும் படிக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் நகல்களில் கையெழுத்துக் கேட்டு வகுப்பு முடிந்ததும் வந்து நிற்பாள், காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. அவள் அம்மா அந்த வாரம் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.